கேளிக்கைப் பூங்காவிலே மரக்கறி உணவு

நெடும்பயணம் போகிறவர்களுக்கு எக்காலத்திலும் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று படுக்கை; மற்றது சாப்பாடு. படுக்கைக் கவலையைப் பணம் தீர்த்துவிடும். சாப்பாட்டுக் கவலையைப் பணம் மாத்திரம் தீர்த்துவிடமாட்டாது. குடும்பத்திலே மரக்கறி உணவன்றி வேறு கொள்ளாத ஒருவர் இருப்பாராயின், போகுமிடம் எதுவாயினும், முதலில் எழும் வினா, "அங்கே இவர் எதை உண்பார்?" என்பதேயாகும்.

இவ்வினா இன்று நம்மவர் பலருக்குப் புதியதோர் இடத்திலே எழுகின்றது. கனடாவிலும் பிற நாடுகளிலும் குடியேறிய பிள்ளைகள், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதுண்டு. வட அமெரிக்கப் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை வருவது யூலை, ஓகஸ்ட் மாதங்களிலே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவம் நிகழும் காலமும் பெரும்பாலும் அதுவே. ஆண்டு முழுவதும் மச்சம் உண்பவர்கூட அந்நாட்களில் அதனை விலக்கி விரதம் காப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். ஆகவே பேரப்பிள்ளை மிக்கி எலியைக் காணத் துள்ளிக்கொண்டிருக்க, அம்மம்மா தம் விரதம் என்னாகுமோவென்று உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு கிழமை முழுவதும் பழமும் தேநீருமாகக் கழித்துவிட்டுத் திரும்பிய முதியோரும் உளர். அவ்வாறு வருந்த வேண்டிய அவசியம் இன்று இல்லை. ஆனால், அங்குள்ள ஒழுங்குகளைச் சற்று விளங்கிக்கொண்டு போதல் வேண்டும்.

முதலாவதாக, அவ்விடத்தின் இயல்பை அறிதல் நன்று. வோல்ட் டிஸ்னி நிறுவிய முதற் பூங்காவாகிய டிஸ்னிலாந்து 1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. அவர் 1966இல் மறைந்தார். அவர் திட்டமிட்டிருந்த புளோரிடாப் பூங்கா 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி திறக்கப்பெற்றது. அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ நாற்பது சதுர மைல். கொழும்பு மாநகர எல்லையைப்போல் இரு மடங்கினும் அதிகம் எனலாம். அதற்குள்ளே மஜிக் கிங்டம், எப்கொட், ஹொலிவூட் ஸ்ரூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பெரும் பூங்காக்களும், பல தங்கும் விடுதிகளும், நூற்றுக்கு மேற்பட்ட உணவிடங்களும் உள. பூங்காவுக்குள் ஒருமுறை நுழைந்தவர் பசித்தவுடன் வெளியே வந்து தெருமுனைக் கடையொன்றில் உண்டுவிட்டுத் திரும்புதல் எளிதன்று. தூரமும் வெயிலும் அதற்கு இடந்தரா. உள்ளே கிடைப்பதை உண்ண வேண்டும். அன்றேல் கையிற் கொண்டு போனதை உண்ண வேண்டும். மரக்கறி உண்பவரின் சங்கடம் அனைத்தும் இந்த ஒரு நிலைமையிலிருந்தே தோன்றுகின்றது.

தொடக்க காலத்திலே இத்தகைய பூங்காக்களில் கிடைத்த உணவு பெரும்பாலும் மாட்டிறைச்சி வைத்த பாணும், இறைச்சிக் குழலும், பொரித்த கிழங்குமே. புகையில் வாட்டிய பெரிய வான்கோழிக் காலைக் கையிற் பிடித்துக் கடித்தபடி நடப்போரை இன்றும் அங்கே காணலாம். எனினும் காலம் மாறிவிட்டது. இறைச்சியை விலக்குவோர் தொகை அமெரிக்கரிடையேயும் வளர்ந்தபடியால், உணவிடங்களும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. 2019ஆம் ஆண்டிலே டிஸ்னி நிறுவனம், தன் அமெரிக்கப் பூங்காக்களின் உணவுப் பட்டியல்களில் முற்றிலும் தாவரப் பொருள்களால் ஆக்கிய உணவுகளைச் சேர்த்து, அவற்றின் பெயருக்கு அருகே ஒரு பச்சிலைக் குறியைப் பொறிக்கத் தொடங்கிற்று.

இவ்விலைக் குறியின் பொருளை நுணுகி அறிதல் அவசியம். நம்மவர் பலர் அதனைச் "சைவ உணவு" என்பதன் அடையாளமாகக் கொள்வர். அது முற்றிலும் சரியன்று. இங்கிலாந்திலே 1847ஆம் ஆண்டு வெஜிற்றேரியன் சங்கம் அமைந்தபோது, அச்சொல் இறைச்சியும் மீனும் உண்ணாதாரைக் குறித்தது. பாலையும் முட்டையையும் அது விலக்கவில்லை. பின்னர் 1944ஆம் ஆண்டிலே, பால், முட்டை, தேன் முதலாக உயிரினங்களிலிருந்து பெறும் எதனையும் கொள்ளாதார் பிரிந்து, தமக்கென வீகன் என்னும் புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டனர். டிஸ்னியின் இலைக் குறி இப்பிற்பட்ட வகையினரின் உணவையே குறிக்கின்றது. இறைச்சி, பால், முட்டை, தேன் ஆகிய எதுவும் சேராத உணவுக்கே அக்குறி உண்டு.

நம்முடைய சைவ உணவோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது முட்டையை விலக்கும். பாலையும் தயிரையும் நெய்யையும் தூயவை எனக் கொள்ளும். ஆகவே பால் சேர்ந்த பாற்கட்டிக் கறிக்கும் நெய் தடவிய ரொட்டிக்கும் இலைக் குறி கிடையாது. அவையோ நமக்கு ஏற்றன. மறுபுறம், பார்வைக்கும் சுவைக்கும் இறைச்சியே போன்ற ஒரு பண்டத்துக்கு இலைக் குறி இருக்கும். அது நம் முதியோருக்கு மனம் ஒவ்வாததாகலாம். விரத நாளில் வெங்காயமும் உள்ளியும் நீக்குபவர்க்கு அவ்விலை யாதொரு தகவலும் தராது. எனவே இலைக் குறி கண்டால், "இதில் மச்சமும் முட்டையும் இல்லை" என்று துணியலாம். இலைக் குறி இல்லாதவிடத்து, "இது ஆகாது" என்று முடிவு கட்டாமல், கேட்டறிதல் வேண்டும்.

கேட்கும்போது எதைக் கேட்பது? "இறைச்சி இருக்கின்றதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் ஏமாறுவார் இலர். கரைந்தும் மறைந்தும் நிற்பதே ஏமாற்றுவது. இலங்கையர்க்கு இது விளங்காத செய்தியன்று. சம்பலிலே தேங்காயும் மிளகாயும் மட்டுமே தெரியும்; மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனாலன்றோ கொழும்பிலே கடையிற் சம்பல் வாங்கும் சைவர், "மாசி போட்டதா?" என்று கேட்டே வாங்குகின்றனர். ஒவ்வொரு நாட்டுச் சமையலிலும் இப்படி ஒரு மாசி ஒளிந்திருக்கின்றது. அதன் பெயரை அறிந்து கேட்பதே சாமர்த்தியம்.

எப்கொட் பூங்காவிலே ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கட்டடங்களும் உணவிடங்களும் அமைந்திருக்கின்றன. அந்நாடுகளின் சமையல் மரபை நோக்கின் இவ்வுண்மை நன்கு புலனாகும். மெக்சிக்கோ நாட்டாரின் மசித்த போஞ்சி விதை பார்வைக்குப் பருப்புக் கறியே. ஆனால் பழைய முறையில் அது பன்றிக் கொழுப்பில் வதக்கப்படுவது. அவர்தம் செந்நிறச் சோறு கோழி அவித்த நீரில் வேகுவதுண்டு. பிரான்சு நாட்டின் வெங்காயச் சூப்பில் வெங்காயமே மிதக்கும்; அதன் நீரோ பெரும்பாலும் மாட்டெலும்பு வெந்த சாறு. சீனரின் கீரை வதக்கலில் சிப்பிச் சாறு சேர்வதுண்டு. ஜப்பானியரின் சூப்புகளுக்கு அடிப்படையான டாஷி என்னும் சாற்றை, உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவி ஊறவைத்து எடுப்பர். அது நம் மாசிக்கு மிக நெருங்கிய உறவு. ஆங்கிலேயரின் வூஸ்ரர் சோஸ் என்னும் கறுப்புக் குழம்பில் நெத்தலி போன்ற சிறுமீன் ஊறியிருக்கும். சீசர் சலாது என்னும் பச்சைக் கீரைக் கலவையில் கீரைதானே என்று கை வைப்போர் பலர். அதன் மேலூற்றும் கலவையிலே முட்டையும் அதே சிறுமீனும் சேர்வது மரபு. இங்குக் கூறியவை அவ்வச் சமையல்களின் பொது வழக்கங்கள். குறித்த ஒரு சமையலறை அவற்றை மாற்றிச் செய்திருக்கவும் கூடும். அதனாலேயே கேட்க வேண்டியிருக்கின்றது.

இனிப்புப் பண்டங்களிலும் இரு பொருள்கள் மறைந்துள்ளன. ஒன்று ஜெலற்றின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மார்ஷ்மெலோ என்னும் மெத்தென்ற இனிப்பிலும், பலவகைப் பழச்சுவை இனிப்புக் கட்டிகளிலும் அது சேர்கின்றது. பிள்ளைகள் ஆவலோடு கேட்கும், மிக்கி எலியின் தலைவடிவில் வார்த்த அரிசிப்பொரிப் பண்டத்தை ஒட்டவைப்பதும் மார்ஷ்மெலோவே. மற்றது ரெனெற். பாலைத் திரைத்துப் பாற்கட்டியாக்க உதவும் இப்பொருள், பழைய முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இக்காலத்தில் அமெரிக்கப் பாற்கட்டிகளிற் பெரும்பாலானவை நுண்ணுயிர்களின் உதவியாற் பெறும் திரைபொருளைக் கொண்டு செய்யப்படுகின்றன. ஆனால் இத்தாலியின் பெயர்பெற்ற பார்மிஜானோ பாற்கட்டிக்குக் கன்றின் ரெனெற் இன்றும் விதிக்கப்பட்டதொன்றாகும். இத்துணை நுட்பம் பார்ப்பதா, விடுவதா என்பது அவரவர் மனச்சான்றுக்கு உரியது. அறிந்து விடுவது ஒன்று. அறியாது உண்பது வேறொன்று.

பொரித்த கிழங்கைப் பற்றித் தனியே ஒரு சொல். மரக்கறி உண்பவருக்கு வேறெதுவும் இல்லாதபோது கைகொடுப்பது அதுவே என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவின் மக்டொனால்ட்ஸ் உணவு நிறுவனம் 1990ஆம் ஆண்டிலே, தன் கிழங்கைத் தாவர எண்ணெயிலேயே பொரிப்பதாக அறிவித்தது. அவ்வறிவிப்பை நம்பி இந்துக்களும் பிற மரக்கறியாளரும் பல்லாண்டு அதனை உண்டனர். ஆனால் கிழங்குக்கு மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவைப்பொருள் சேர்க்கப்பட்டமை பின்னர் வெளிப்பட, 2001இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கோரியதோடு, 2002ஆம் ஆண்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஒரு கோடி டொலரை இந்து அமைப்புகளுக்கும் மரக்கறியாளர் அமைப்புகளுக்கும் பிற பொதுப் பணிகளுக்கும் வழங்க உடன்பட்டது. எண்ணெய் தாவர எண்ணெய் என்ற கூற்று பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. அவ்வழக்கின் பின்னர் உணவுச் சேர்க்கைகளைத் தெளிவாக வெளியிட வேண்டும் என்னும் உணர்வு அந்நாட்டில் வலுத்தது. பூங்காவில் கிழங்கு வாங்குவோரும், "மீனும் கோழியும் பொரித்த எண்ணெயிலேயே இதுவும் பொரிக்கப்படுகின்றதா?" என்று கேட்பது நன்று.

இவ்வாறெல்லாம் கேட்டால் அங்குள்ளோர் முகஞ் சுளிப்பரோ என்று நம்மவர் கூசுவதுண்டு. அக்கூச்சம் வேண்டியதில்லை. நிலக்கடலையும் பாலும் கோதுமையும் ஒவ்வாமையால் உயிருக்கே ஊறு நேரும் மக்கள் அந்நாட்டில் மிகப் பலர். அவர்களைக் காக்கும்பொருட்டு, ஒவ்வொரு பண்டத்திலும் சேர்ந்திருப்பது யாது என்று கேட்போருக்கு விடை கூறப் பணியாளர் பயிற்றப்பட்டிருக்கின்றனர். பிறர் உயிருக்காக ஏற்பட்ட ஒழுங்கு நம் விரதத்துக்கும் உதவுகின்றது.

உணவிடங்கள் அங்கே இருவகைப்படும். வரிசையில் நின்று வாங்கி உண்பது ஒருவகை. மேசையில் அமரப் பரிமாறப்படுவது மற்றொருவகை. முதல்வகையில் கைத்தொலைபேசி மூலம் முன்னரே பட்டியலைப் பார்த்து உணவைச் சொல்லி வைக்கலாம். நெரிசலான வரிசையில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் விசாரிக்கத் தயங்கும் முதியோர்க்கு இது பேருதவி. இளையவர் ஒருவர் நிழலில் அமர்ந்து ஆறுதலாகத் தெரிந்து கொடுக்கலாம். இரண்டாம் வகைக்கு அறுபது நாட்களுக்கு முன்னரே இடம் ஒதுக்கிக்கொள்ள வசதியுண்டு. மேசையில் அமர்ந்தவுடன், பணியாளர் பட்டியலை நீட்டுமுன்பே, "எங்களில் ஒருவர் இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை, அவற்றின் சாறும் ஆகாது, பால் ஆகும்" என்று சொல்லிவிட வேண்டும். "வெஜிற்றேரியன்" என்ற ஒரு சொல்லைக் காட்டிலும் இவ்வாறு விரித்துச் சொல்லுதலே பயன் தரும். அச்சொல்லை மீன் உண்பவர்க்கும் முட்டை உண்பவர்க்கும் வழங்குவார் பலர் உளர்.

இனி, விரும்பித் தேடிச் செல்லத்தக்க இடங்கள் சில. அனிமல் கிங்டம் விடுதியைச் சேர்ந்த சனா என்னும் உணவுச்சாலை நம்மவருக்கு முதலிடத்தில் வைக்கத்தக்கது. ஆபிரிக்க மரபோடு இந்திய மரபும் கலந்த சமையல் அங்கே நிகழ்கின்றது. ஐவகை இந்திய ரொட்டிகளும், அவற்றோடு தொட்டுக்கொள்ள ஒன்பது வகைச் சட்னிகளும் ஊறுகாய்களும் பிறவும் அங்குப் பெயர்பெற்றவை. சாளரத்துக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். எப்கொட்டின் பதினொரு நாடுகளில் இந்தியா இடம்பெறவில்லை என்று வருந்துவோருக்கு இவ்விடம் ஆறுதலளிக்கும்.

அதே எப்கொட்டில் நிலம் எனப் பெயரிய மண்டபத்திலே, படகில் அமர்ந்து பசுமைக் கூடங்களினூடே செல்லலாம். மண்ணின்றி, நீரிலும் காற்றிலும் வேர் தொங்க, தக்காளியும் வெள்ளரியும் கீரையும் வளர்வதைக் கமக்காரக் குடும்பத்திற் பிறந்த நம் முதியோர் வியந்து நோக்குவர். அங்கு விளைபவற்றுள் ஒரு பகுதி அப்பூங்காவின் சமையலறைகளுக்கே போகின்றது. இனிப்பு வேண்டுவோர்க்கு டோல் விப் எனப்படும் அன்னாசிக் குளிர்க்கூழ் உண்டு. அன்னாசிச் சுவையில் வரும் அதற்குப் பாலும் சேர்வதில்லை, முட்டையும் சேர்வதில்லை. புளோரிடாவின் ஓகஸ்ட் வெயிலில் அதன் அருமை தனி.

போலி இறைச்சியைப் பற்றியும் கூறவேண்டும். சோயாவிலிருந்து செய்து, இறைச்சியைப்போலவே நிறமும் மணமும் ஊட்டப்பட்ட தட்டைகள் பாணுக்கு இடையே வைத்து விற்கப்படுகின்றன. 2016இல் விற்பனைக்கு வந்த இம்பொசிபிள் என்னும் தட்டை இவ்வகையது. சோயாச் செடியின் வேர்முடிச்சில் இயல்பாக உள்ள ஒரு செந்நிறப் பொருளை, நொதியத்தின் உதவியால் பெருக்கி அதிலே சேர்க்கின்றனர்; அதனாலேயே அது குருதி கசிவதுபோலத் தோன்றுகின்றது. பொருளளவில் அது தாவரமே. மச்சம் உண்டு பழகிப் பின் விட்டவருக்கு அது விருந்தாகலாம். பிறந்தது முதல் மச்சத்தை அறியாத முதியவர் ஒருவருக்கு, "இது மரக்கறிதான், சாப்பிடுங்கள்" என்று அதனை வற்புறுத்துவது முறையன்று. விரதம் வாய்க்கு மட்டும் உரியதன்று. கண்ணுக்கும் மனத்துக்கும் உரியது. மேலும் அத்தட்டை இறைச்சி வாட்டிய அதே இரும்புத் தட்டில் வாட்டப்படலாகும் என்பதையும் மறத்தலாகாது.

கையிற் கொண்டு செல்லும் உணவுக்கும் அங்கே தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் நீங்கலாக, சூடாக்க வேண்டாத உணவைத் தம் தேவைக்கென உள்ளே கொண்டு போகலாம். வாயிலில் பையைச் சோதிப்பர், அவ்வளவே. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் முற்காலத் தலயாத்திரைக்குக் கட்டுச்சோறாக உதவியவை. இந்நூதன யாத்திரைக்கும் அவை உதவும். குடிக்கும் தண்ணீரை வரிசை உணவிடங்களில் விலையின்றிக் கேட்டுப் பெறலாம். சமையலறையோடு கூடிய தங்குமிடங்களும் அங்குக் கிடைக்கும். அங்கே தங்குவோர் காலையிலும் இரவிலும் தாமே சமைத்துக்கொள்ளலாம். அருகேயுள்ள ஒர்லாண்டோ நகரிலே அரிசி, பருப்பு முதலியன விற்கும் இந்தியக் கடைகள் உண்டு.

ஊரிலிருந்து சாமான் கொண்டு போவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கொண்டு வரும் உணவுப் பொருள் அனைத்தையும் அமெரிக்கச் சுங்க அதிகாரியிடம் அறிவித்தல் கட்டாயம். குறிப்பாகப் பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி கிடையாது. கறிவேப்பிலைச் செடியில் தங்கும் ஒரு சிறு பூச்சி தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் கொடிய நோயொன்றைப் பரப்புகின்றது. அந்நோய் 2005ஆம் ஆண்டிலே புளோரிடாவில் கண்டறியப்பட்டு, அம்மாநிலத்தின் தோடைத் தோட்டங்களைப் பெரிதும் பாழாக்கிவிட்டது. தாளிதத்துக்கென ஒரு கொத்து இலையைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு போதல் சிறு குற்றமாகத் தோன்றலாம். அது பிறருடைய பயிருக்குச் செய்யும் பெருந்தீங்காகலாம்.

இறுதியாக, குடும்பத்தார்க்கு உரிய கடமை ஒன்றுண்டு. வெளிநாட்டில் வளரும் பிள்ளை, தன் அம்மம்மாவுக்காகத் தாய் தந்தையர் உணவிடத்தில் நின்று பொறுமையோடு விசாரிப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அவ்விசாரணையைத் தொல்லையெனக் கருதி அவர்கள் முணுமுணுத்தால், விரதம் என்பது வெட்கப்பட வேண்டிய பழைய பழக்கம் என்று அப்பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனையே மரியாதையோடும் முகமலர்ச்சியோடும் செய்தால், ஒருவர் தம் கொள்கையை விடாமலே உலகத்தோடு கலந்து வாழலாம் என்பதைக் கற்றுக்கொள்ளும். மரக்கறி உண்பவரும் தம் பங்குக்கு, பேரப்பிள்ளை வேறெதையேனும் உண்ணும்போது முகங்கோணாதிருத்தல் நன்று. அப்படியிருந்தால் ஒரே மேசையில் அனைவரும் அமர்ந்து, அவரவர்க்கு ஏற்றதை உண்டு, அவ்விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கலாம்.